பொம்பெயியைத் தேசத்துக்கு மீட்டவர்

இத்தாலிய தேசம் விடுதலையும் ஒற்றுமையும் பெற்ற கதை தமிழ் வாசகர்களுக்குப் புதியதன்று. மாஜினியின் பிரதிக்ஞையைப் பாரதியார் தமிழ்க் கவியாக்கித் தந்தார். கரிபால்டியின் வீரச் செயல்களை நம்மவர் நெடுங்காலமாகப் போற்றி வருகின்றனர். ஆனால் அதே கிளர்ச்சியில் சிறை சென்று மீண்டு, பின்னர் வாளையோ மேடையையோ நாடாமல், சாம்பலில் புதைந்து கிடந்த ஒரு நகரத்தைத் தம் தேசத்தாரின் உடைமையாக்குவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஜுசெப்பே பியோரெல்லியைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. புராதனப் பொருள் ஆராய்ச்சி என்றால் வேலையற்ற பிரபுக்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவர்களை உத்தேசித்தே இவருடைய வரலாற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

பியோரெல்லி 1823-ம் வருஷம் ஜூன் மாதம் 8-ந் தேதி நேப்பிள்ஸ் நகரில் பிறந்தார். இளமையில் அவர் கற்றது சட்டம். ஆனால் அவர் மனம் நியாய ஸ்தலத்தில் நிலைக்கவில்லை. பழைய நாணயங்களின் மீது சென்றது. சட்டம் படித்து வேறு தொழிலில் புகுந்தவர்களை உலகம் சற்று ஏளனமாகப் பார்ப்பது வழக்கம். நாமும் அந்த வகுப்பைச் சேர்ந்தவர்களே யாதலால், இவ்விஷயத்தில் எமக்குச் சிறிது பக்ஷபாதம் இருக்கலாம். எனினும் பியோரெல்லி பிற்காலத்தில் செய்த வேலையைக் கவனித்தால், சாட்சியத்தை எடைபோடக் கற்ற ஒருவரின் கை அதில் எங்கும் புலப்படும் என்பதே எமது அபிப்பிராயம்.

அவருடைய தொண்டின் அருமை விளங்க வேண்டுமானால், அவருக்கு முந்திய நூறு வருஷ காலத்தில் அங்கே நடந்தது இன்னதென்று அறிய வேண்டும்.

கி. பி. 79-ம் வருஷத்தில் வெசூவியஸ் எரிமலை பொங்கிப் பொம்பெயி, ஹெர்க்குலேனியம் முதலிய நகரங்களை மூடிவிட்டது. பொம்பெயியை மூடியது சிறு நுரைக்கற்களும் சாம்பலும். ஹெர்க்குலேனியத்தையோ அதனினும் ஆழமான, கல்லாய் இறுகிப்போன எரிமலைப் படிவு மூடிற்று. நேப்பிள்ஸ் ராஜ்யத்தைக் கைப்பற்றிய போர்பன் வம்சத்து அரசர் சார்லஸ், 1738-ல் ஹெர்க்குலேனியம் இருந்த இடத்தில் தோண்டுமாறு உத்தரவிட்டார். செலவு முழுவதும் அரசாங்கப் பொக்கிஷத்தைச் சேர்ந்தது. இந்த வேலையை நடத்தியவர் அல்குபியெர்ரே என்னும் ஸ்பானிய ராணுவ எஞ்சினீயர். சுரங்கம் வெட்டத் தெரிந்தவர். நகரத்தைத் தோண்டத் தெரிந்தவர் என்று சொல்வதற்கில்லை. தண்டனை பெற்ற கைதிகளும் கூலியாட்களும், தீப்பந்தங்களின் வெளிச்சத்தில், குறுகிய சுரங்கங்களுக்குள் முழந்தாளிட்டுக் கல்லைக் குடைந்தனர். சிலை அகப்பட்டால் மேலே வரும். சித்திரம் அகப்பட்டால் சுவரோடு வெட்டி எடுக்கப்படும். அதன்பின் அந்தச் சுரங்கத்தை மண்ணிட்டு அடைத்துவிட்டு அடுத்ததை வெட்டுவார்கள்.

1748-ல் அதே அல்குபியெர்ரே வேறோர் இடத்தில் மண்வெட்டியைப் போட்டார். அதுதான் பொம்பெயி. ஆனால் அவர் அதை ஸ்டாபியே என்று எண்ணினார். பொம்பெயி மக்களின் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்று 1763-ல் அகப்பட்ட பிறகே, தாம் பதினைந்து வருஷமாக எந்த நகரத்தைத் தோண்டி வருகிறோம் என்பது சர்க்காருக்குத் திட்டமாகத் தெரிந்தது.

அரசருக்கு வேண்டியவை பொருள்கள், நகரம் அன்று. போர்ட்டிச்சியிலிருந்த அவருடைய அரண்மனைக் காட்சிசாலைக்கு எது தகுமோ அது எடுக்கப்பட்டது. தகாதென்று ஒதுக்கப்பட்ட சுவர்ச் சித்திரங்கள் பிறர் கைக்குப் போய்விடக் கூடாதென்று கொத்திச் சிதைக்கப்பட்டதும் உண்டு. ஒரு கட்டடத்தின் சுவரிலிருந்த வெண்கல எழுத்துக்களை, வாசகத்தைப் பிரதி செய்துகொள்ளாமலே பெயர்த்து, கூடையில் அள்ளிக் கொண்டுபோய் அரசரிடம் காட்டினார்கள் என்று ஜெர்மானிய அறிஞர் வின்கெல்மான் 1762-ல் உலகறியக் குறை கூறினார். எழுத்துக்கள் கிடைத்தன, அவை என்ன சொல்லின என்பது போய்விட்டது. காட்சிசாலைக்கு வருவோர் எதையும் வரைந்துகொள்ளவோ குறித்துக்கொள்ளவோ அனுமதி இல்லை. கண்டெடுத்தவற்றின் படங்களை அச்சிட்ட பெரும் புத்தகங்கள் 1757 முதல் வெளிவந்தன. அவை கடைச் சரக்காக அல்ல, அரசர் தமக்கு வேண்டியவர்களுக்கு அளிக்கும் பரிசுகளாகவே பெரும்பாலும் வழங்கப்பட்டன.

இதற்கிடையிலும் நல்ல வேலைக்காரர் சிலர் இருந்தனர். ஸ்விட்ஜர்லாந்து தேசத்தவரான கார்ல் வேபர், அல்குபியெர்ரேயின் கீழ் வேலை பார்த்தவர். அவர் பொருள் கிடைத்த இடத்தையும் கட்டடம் முழுவதையும் படமாக வரைந்து வைத்தார். பபைரஸ் சுருள்கள் கிடைத்த ஹெர்க்குலேனியத்து மாளிகையைப் பற்றி இன்றுள்ள அறிவுக்கு அவருடைய வரைபடமே முதல் ஆதாரம். அவருடைய மேலதிகாரிக்கு இந்த முறை வீண் காலதாமதமாகவே பட்டது. வேபருக்குப் பின் வந்த லா வேகாவும் முறையாகவே செய்ய முயன்றார். ஆனால் ஊழியன் அறிந்ததை அரசன் விரும்பாதபோது ஊழியனால் என்ன செய்ய முடியும்?

விருந்தாளிகளாக வரும் மன்னர்களுக்கு நடந்த வேடிக்கையையும் இங்கே சொல்லவேண்டும். முன்னமே கண்டெடுத்த பொருள்களை மறுபடி மண்ணில் புதைத்து, ராஜ விருந்தினர் வந்து நிற்கும் வேளையில், அப்பொழுதுதான் அகப்பட்டதுபோல் தோண்டி எடுத்துக் காட்டுவார்கள். 1769-ல் வந்த ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் இந்த நாடகத்தில் மயங்கவில்லை. முப்பது ஆட்களைக் கொண்டு ஒரு நகரத்தைத் தோண்டுவதா என்று தம் மைத்துனரான அரசரைக் கடிந்துகொண்டார். 1806 முதல் 1815 வரை நேப்பிள்ஸ் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது ஆட்கள் தொகை பெருகிற்று. நகர மதிலின் போக்கும் கண்டறியப்பட்டது. போர்பன் அரசர் திரும்பி வந்ததும் வேகம் குறைந்தது. அதுமட்டுமா? காட்சிசாலையில் இருந்தவை யாவும் அரசரின் சொந்தச் சொத்து என்று 1816-ல் பிரகடனமும் செய்யப்பட்டது. பிரஜைகளின் வரிப் பணத்தில் தோண்டிய பொருள் பிரஜைகளுக்கு உரியதன்று என்பது அந்த ராஜ்யத்தின் சட்டமாயிற்று.

இந்தச் சூழ்நிலையில்தான் இளைஞர் பியோரெல்லி சர்க்கார் உத்தியோகத்தில் புகுந்தார். இருபத்தைந்து வயதாகு முன்பே பொம்பெயியில் இன்ஸ்பெக்டர் பதவி கிடைத்தது. அங்கே அவர் கண்டது சீர்கேடு. கணக்கில்லை, வரைபடமில்லை, பொருள் காணாமற் போனால் கேட்பாரில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தபடியால் பகைவர்களும் விரைவில் சேர்ந்தனர்.

1848-ம் வருஷம் ஐரோப்பா முழுவதும் கொந்தளித்தது. நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் பெர்டினாண்ட் பயந்து ஓர் அரசியல் சட்டம் வழங்கினார். அதே வருஷம் மே மாதம் 15-ந் தேதி தலைநகரின் வீதிகளில் ரத்தம் சிந்தியது. அடுத்த வருஷம் சட்டசபையும் கலைக்கப்பட்டது. கிடைத்த சிறு அவகாசத்தில் பியோரெல்லி, காட்சிசாலையையும் அகழ்வு வேலையையும் சீர்திருத்தும் திட்டங்களில் முனைந்து நின்றார். ஜனங்கள் பக்கம் சேர்ந்தார். அடக்குமுறை திரும்பியதும், அவரை வீழ்த்தக் காத்திருந்தவர்களுக்கு நல்ல காலம் வாய்த்தது. ராஜத்துரோகியைப் பிடித்துக் கொடுப்பது எக்காலத்திலும் எத்தேசத்திலும் உத்தியோக உயர்வுக்குக் குறுக்கு வழியன்றோ? 1849-ல் அவர் கைதியானார்.

சிறையில் பலரும் பலவற்றை எழுதியிருக்கின்றனர். தன் வரலாறு எழுதியவர்கள் உண்டு. தத்துவம் எழுதியவர்கள் உண்டு. பியோரெல்லி அங்கே மேற்கொண்ட வேலை வேறு. 1748 முதல் மேற்பார்வையாளர்கள் நாள்தோறும் எழுதி வைத்த குறிப்புகள், முதலில் ஸ்பானிய மொழியிலும் பிறகு இத்தாலிய மொழியிலும், கட்டுக் கட்டாகச் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் உறங்கிக் கிடந்தன. இன்ன தேதியில் இத்தனை ஆட்கள், இன்ன அறையில் இன்ன விளக்கு, இன்ன நாணயம் என்ற உலர்ந்த குறிப்புகள். அவற்றை ஒழுங்குபடுத்தி, பொம்பெயிப் புராதனங்களின் சரித்திரம் என்ற லத்தீன் தலைப்புடன் வெளியிடும் பணியை அவர் தொடங்கினார். மூன்று பாகங்களாக அது முற்றுப்பெற்று அச்சானது 1860 முதல் 1864 வரையுள்ள ஆண்டுகளில்.

இதை நாம் சாதாரணமாகக் கருதவில்லை. தம்மைச் சிறையிலடைத்த வம்சத்தின் ஊழியர்கள் எழுதிய குறிப்புகளை அவர் பழிக்கவில்லை, கிழிக்கவில்லை, திருத்தி எழுதவுமில்லை. அவர்கள் செய்த தவறும் அவர்கள் செய்த நன்மையும் தேதிவாரியாக அதிலேயே இருக்கின்றன. முன்னோர் தோண்டிக் கெடுத்த வீடுகளைப் பற்றி இன்று ஏதேனும் அறியமுடியுமானால் அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் அறியவேண்டும். எதிர்க் கக்ஷியின் சாட்சியத்தையும் ரிகார்டில் சேர்த்து வைக்கும் நேர்மை அது.

1850-ல் விடுதலையானபோது உத்தியோகம் இல்லை. சில வருஷங்கள் கஷ்ட ஜீவனம். பிறகு விநோதமான இடத்திலிருந்து ஆதரவு வந்தது. அரசரின் சொந்தத் தம்பியும், அண்ணனுடைய ஆட்சி முறையில் அதிருப்தி கொண்டவருமான சிரக்கூஸ் பிரபு லியோபோல்ட் அவரைத் தம் காரியதரிசியாக அமர்த்திக்கொண்டார். பிரபுவுக்காகக் கூமே என்னும் பழைய கிரேக்கக் குடியேற்றத்தில் பியோரெல்லி சமாதிகளைத் தோண்டி ஆராய்ந்தார். 1858-ல் பொம்பெயிக்கு ஒரு புதிய நகரப் படத்தையும் தயாரித்தார். அதன் பெருமையைப் பின்னர் சொல்வோம்.

1860 செப்டம்பர் 7-ந் தேதி கரிபால்டி நேப்பிள்ஸில் பிரவேசித்தார். போர்பன் ஆட்சி ஒழிந்தது. காட்சிசாலை தேசத்தின் சொத்தாயிற்று. அகழ்வு வேலையும் தேசத்தினுடையதாயிற்று. ஆனால் அவற்றின் கௌரவ டைரெக்டராகக் கரிபால்டி யாரை நியமித்தார் என்று கேட்டால் வாசகர்கள் வியப்படைவார்கள். மூன்று துப்பாக்கி வீரர்களின் கதையை எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்ஸாண்டர் டூமாவைத்தான்! படைக்கு ஆயுதம் வாங்கிக் கொடுத்த நண்பருக்குக் கைம்மாறு. நேப்பிள்ஸ்வாசிகள் ஊர்வலம் சென்று கூச்சலிட்டனர். அந்நியர் ஒருவர் போய் அந்நியர் ஒருவர் வந்தாரே என்பது அவர்கள் மனக்குறை. மகாவீரர்களும் உத்தியோக நியமனத்தில் தவறு செய்வதுண்டு. நல்ல வேளையாக, அதே வருஷம் டிசம்பரில் பொம்பெயியின் இன்ஸ்பெக்டராகப் பியோரெல்லி மீண்டும் நியமிக்கப்பட்டார். 1863-ல் நேப்பிள்ஸ் காட்சிசாலைக்கும் அகழ்வு வேலைகளுக்கும் அவரே தலைவரானார்.

1861 ஆரம்பத்தில் நூற்றுக்கணக்கான ஆட்களுடன் வேலை துவங்கிற்று. முதலில் அவர் செய்தது புதிதாகத் தோண்டுவதன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து கிடந்த குழிகளுக்கு இடையில் முன்னோர் கொட்டி வைத்த மண்மேடுகளை அகற்றி, வீதிகளை ஒன்றோடொன்று சேர்த்தார். மண்ணை நகருக்கு வெளியே கொண்டுபோகத் தண்டவாளம் போட்டு வண்டிகள் விட்டார். முன்பெல்லாம் வீதியைத் தோண்டிக்கொண்டே போய், வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைவார்கள். மாடியும் கூரையும் சரிந்து விழும். எது மேல்மாடியில் இருந்தது, எது கீழே இருந்தது என்று தெரியாமற் போகும். பியோரெல்லி மேலிருந்து கீழாக, படலம் படலமாக நீக்கச் செய்தார். ஓடு விழுந்த நிலை, கரியான உத்தரம், மாடிச் சுவரின் எச்சம் எல்லாம் கண்டபடியே குறிக்கப்பட்டன. சித்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போவதைவிட, கூடியவரை அவை எழுதிய சுவரிலேயே விட்டுக் காப்பது நலம் என்பது அவர் கொள்கை. 1862-ல் ரொட்டிக் கடை ஒன்றின் அடுப்பில் கரியாகிப்போன 81 ரொட்டிகள் கிடைத்தன. ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் கிடைத்திருந்தால் அவற்றை யாரும் எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர் பெயரை உலகெங்கும் பரப்பிய சம்பவம் 1863 பிப்ரவரி முதல் வாரத்தில் நிகழ்ந்தது. எரிமலைச் சாம்பல் ஈரத்தோடு படிந்து, அதில் அமிழ்ந்தவர்களின் உடலைச் சுற்றி இறுகியது. காலக்கிரமத்தில் தசை அழிந்தது. உடலின் வடிவம் மட்டும் உள்ளே வெற்றிடமாக, சில எலும்புகளோடு நின்றது. இத்தகைய பொந்துகளை வேலையாட்கள் முன்பும் கண்டிருந்தனர். மண்வெட்டி பட்டதும் அவை நொறுங்கிவிடும். கதவு முதலிய மரச் சாமான்கள் விட்டுச் சென்ற பள்ளங்களில் சுண்ணக் குழம்பு வார்த்து வடிவெடுக்கும் யுக்தியும் அதற்கு முன்பே சில தடவை கையாளப்பட்டதுதான். மனித உடலுக்கு அதைத் திட்டமாகப் பயன்படுத்தியவர் பியோரெல்லி. சிறு சந்தொன்றில் பொந்து தென்படுவதாக ஆட்கள் அறிவித்ததும், வேலையை நிறுத்தச் செய்தார். துவாரத்தின் வழியே பிளாஸ்டர் குழம்பை ஊற்றி, அது இறுகும்வரை காத்திருந்து, சுற்றியிருந்த சாம்பலை மெல்ல நீக்கினார். ஆயிரத்தெண்ணூறு வருஷங்களுக்கு முன் மாண்ட மனிதர்கள் மாண்ட நிலையிலேயே வெளிப்பட்டனர். அந்தச் சந்தில் நால்வர். உடையின் மடிப்பும் தெரிந்தது. கைவிரல்கள் மடங்கியிருந்ததும் தெரிந்தது.

அதுவரை பொம்பெயி என்றால் தூண், சிலை, சித்திரம். அன்று முதல் அது மனிதர்கள் வாழ்ந்து மடிந்த ஊர். போர்பன் சிறைகளில் பல வருஷம் வாடிய தேசபக்தர் செத்தெம்பிரினி அந்த உருவங்களைக் கண்டு உள்ளமுருகி, இறந்துபோன பொம்பெயி மக்களுக்கே முகவரியிட்டு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். துன்பம் அறிந்தவருக்குத்தான் அது முதலில் கண்ணில் பட்டது போலும்.

அன்றிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் இவ்வாறு வார்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றிக் கதைகளும் வளர்ந்தன: இவள் தாய், இது சேய், இவர் எஜமானர், அவன் அடிமை என்று. 2015 முதல் அவ்வுருவங்களை ஊடுகதிர்ப் படம் எடுத்தும், எலும்பிலுள்ள மரபணுக்களைச் சோதித்தும் பார்த்து வருகிறார்கள். பிற்காலத்தில் வார்த்த ஓர் உருவத்தைப் பொன் வளையணிந்த தாய் என்று எல்லோரும் நம்பியிருக்க, அது ஓர் ஆணின் உடல் என்றும், அருகிலிருந்த குழந்தைக்கு அவர் உறவினரல்லர் என்றும் 2024-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவிக்கிறது. கதை கட்டியவர்கள் பிழைபட்டார்கள், வார்ப்பு பிழைபடவில்லை.

ஆனால், பியோரெல்லியின் பெருமைக்கு இந்த வார்ப்புகளையே முதற் காரணமாகக் கூறுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. அதனினும் பெரிதாக நாம் மதிப்பது ஆரவாரமில்லாத இரண்டு காரியங்களை.

முதலாவது, கதவைத் திறந்துவிட்டது. போர்பன் காலத்தில் பொம்பெயியைப் பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும், சிபார்சு வேண்டும், காவலாளுக்கு இனாமும் வேண்டும். பியோரெல்லி 1862-ல் இரண்டு லீரா கட்டணம் வைத்தார். அதைக் கொடுத்த எவரும் உள்ளே போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் வேண்டியதில்லை. வசூலான பணம் அகழ்வுச் செலவுக்கு உதவிற்று. 1861-லேயே அகழ்வுச் செய்திகளுக்கென ஒரு பத்திரிகையும் தொடங்கினார். எதையும் குறித்துக்கொள்ளக் கூடாதென்று தடுத்த இடத்தில், கண்டதையெல்லாம் அச்சிட்டு வெளியிடும் ஸ்தாபனம் எழுந்தது. இளைஞர்களுக்கு இந்தச் சாஸ்திரத்தைக் கற்பிக்கப் பொம்பெயியிலேயே ஒரு கல்விச்சாலையும் ஏற்பட்டது.

இரண்டாவது, இலக்கமிட்டது. நகரம் முழுவதையும் ஒன்பது வட்டாரங்களாகவும், வட்டாரத்தை நாற்புறமும் தெரு சூழ்ந்த மனைத் தொகுதிகளாகவும் பிரித்து, ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண் கொடுத்தார். முன்பெல்லாம் இன்ன மன்னர் வந்தபோது தோண்டிய வீடு, இன்ன சித்திரம் அகப்பட்ட வீடு என்று வாய்க்கு வந்தபடி பெயரிடுவார்கள். ஒரே வீட்டுக்கு நாலு பெயர் இருக்கும். இப்பொழுது மூன்று எண்களைச் சொன்னால் போதும். உலகத்தின் எந்த மூலையிலுள்ள பண்டிதரும் அந்த வாசற்படியில் வந்து நிற்பார். அலெக்ஸாண்டரின் போர்க்களத்தைக் காட்டும் கற்சித்திரம் 1831-ல் கிடைத்த பெரிய மாளிகை, ஆறாம் வட்டாரம், பன்னிரண்டாம் தொகுதி, இரண்டாம் வாசல். மண்ணுக்குள் கிடந்த பகுதிகளுக்கும் அவர் முன்கூட்டியே கோடு கிழித்தது கொஞ்சம் துணிச்சல்தான்; தோண்டியபோது சில இடங்களில் அந்தக் கோடுகளைத் திருத்த நேர்ந்தது. ஆயினும் முறை நிலைத்துவிட்டது.

1875-ல் புதிய இத்தாலிய சர்க்கார் தேசம் முழுவதிலுமுள்ள புராதன வஸ்துக்களுக்கு ஒரே இலாகா ஏற்படுத்தி, பியோரெல்லியை அதன் தலைவராக ரோமாபுரிக்கு அழைத்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே அவர் செனட் சபை அங்கத்தினராகிவிட்டார். தேசத்தில் எங்கே எது கிடைத்தாலும் அறிவிக்கும் அகழ்வுச் செய்தி வெளியீடு 1876 முதல் அவர் முயற்சியால் வரத் தொடங்கிற்று. ஆனால் ரோமாபுரியில் அவர் பெற்ற வெற்றி பொம்பெயியில் பெற்றதற்கு ஈடாகாது. நாடு ஒன்றானபோதிலும், புராதனப் பொருள்களைப் பற்றிய சட்டம் ஒன்றாகவில்லை. பழைய சிற்றரசுகளின் வெவ்வேறு சட்டங்களே அந்தந்தப் பகுதியில் நடந்து வந்தன. சட்டத்தின் இடுக்குகள் வழியே சிலைகள் பிறதேசத்துப் பணக்காரர் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. தேசம் முழுவதற்கும் பொதுவான முதற் சட்டம் 1902-ல்தான் பிறந்தது. அதைக் காண அவர் இல்லை. 1891-ல் உத்தியோகத்திலிருந்து விலகி, 1896 ஜனவரி 28-ந் தேதி, பிறந்த ஊரான நேப்பிள்ஸிலேயே காலமானார். அதற்குச் சற்று முன், 1894, 1895-ம் வருஷங்களில், வெத்தீ சகோதரர்களின் வீடு தோண்டப்பட்டபோது, அதன் சித்திரங்களைப் பெயர்க்காமல் கூரையெழுப்பி அங்கேயே காத்தார்கள்.

பொம்பெயியில் இன்றைக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோண்டப்படாமல் இருக்கிறது. தோண்டிய பகுதிகள் 1943-ல் விழுந்த விமான குண்டுகளால் சேதமடைந்தன. பியோரெல்லியின் முறையில் வார்த்த உருவங்கள் சிலவும் அப்போது நொறுங்கின. 1938-ல் அங்கே ஒரு வீட்டில் சுமார் ஒரு சாண் உயரமுள்ள யானைத் தந்தப் பதுமை ஒன்று கிடைத்தது. அணிகலன் பூண்டு நிற்கும் பெண். இருமருங்கிலும் சிறு பணிப்பெண்கள். வேலைப்பாடு முற்றிலும் இந்தியாவினுடையது. முதலில் அதை லக்ஷ்மி என்றார்கள். யக்ஷி என்பாரும் உளர். வெசூவியஸ் பொங்குவதற்கு முன்பே நம் தேசத்துச் சிற்பியின் கைத்திறன் கடல் கடந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்பொழுது அது நேப்பிள்ஸ் காட்சிசாலையில் இருக்கிறது. அது அகப்பட்ட இடத்தைக் காண விரும்புவோர் பொம்பெயியில் கேட்க வேண்டிய விலாசம் பியோரெல்லி கொடுத்ததுதான்: முதல் வட்டாரம், எட்டாம் தொகுதி, ஐந்தாம் வாசல்.